வெந்தயமும் பழைய பேப்பரும்

எங்கள் ஆச்சி புதுச் சொளகு (முறம்) வாங்கினால் உடனே புழக்கத்துக்கு எடுக்க மாட்டார். பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போடுவார். ஒரு பிடி வெந்தயம் தனியாக ஊறும். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டுவார். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று திரண்டு வரும் கூழை, பனையோலைப் பின்னலின் இடுக்கு தெரியாதபடி அப்பி, தண்ணீர் தொட்டு நீவி, வெயிலில் சாய்த்து வைப்பார். நான் கிட்டப் போனாலே, "ஏலே, காயுற வரைக்கும் தொடாத" என்று சத்தம் வரும். காய்ந்தபின் நகத்தால் சுண்டினால் மரப்பலகையைத் தட்டியது மாதிரி டொக்கென்று கேட்கும்.

ஊறிய பேப்பர் தூக்கினாலே பிய்ந்துபோகும். அதே பேப்பர் காய்ந்ததும் பலகையாகிவிடுகிறதே, எப்படி? பசைதான் காரணம் என்றே பலரும் நினைக்கிறோம். பசைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும் வேலையைச் செய்வது காகிதமும், அதைவிட்டு வெளியேறும் தண்ணீரும்தான்.

ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். பெரும்பாலும் நேர்க்கோடாகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் ஓடும் கம்பிவலைமேல் கூழ் பாயும்போது நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுவதுதான் இதற்குக் காரணம். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பூனைமுடிபோல மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மரத்தின் உடம்பிலிருந்து பிரித்தெடுத்த இந்த நார்கள்தான் காகிதம். கூழ் வேலைக்குப் பேப்பரைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொல்வதும் இதனால்தான். கிழிந்த ஓரத்து நார்கள் பக்கத்துத் துண்டின் நார்களோடு எளிதாகப் பின்னிக்கொள்ளும்.

இந்த நார் செல்லுலோஸால் ஆனது. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி அது. சங்கிலி நெடுக ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொக்கிகள் துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்து நாரின் கொக்கி மிக நெருக்கமாக வந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் மிகவும் பலவீனமான பிடி. ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது கையால் பிய்க்க முடியாத பிடியாகிவிடுகிறது.

தண்ணீருக்கும் அதே கொக்கிகள் உண்டு. ஊறும்போது அது நார்களுக்கு நடுவே புகுந்து, நாரின் கையைத் தான் பிடித்துக்கொள்கிறது. நார் நாரை விட்டுவிடுகிறது, பேப்பர் கூழாகிறது. காயும்போது நடப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தண்ணீர் குறையக் குறைய, நார்களுக்கிடையே மிஞ்சிய மெல்லிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அதே விசை. கடைசிச் சொட்டும் ஆவியாவதற்குள் நார்கள் கொக்கி எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அதாவது, ஈரமே இல்லாமல் காய்ந்த நாரை எவ்வளவு அழுத்தினாலும் இப்படி ஒட்டாது. நார்களைச் சேர்த்துவைப்பது தண்ணீர், அவை கைகோத்ததும் விலகிப்போவதும் தண்ணீர்தான்.

இந்த வித்தையை மனிதனுக்கு முன்பே செய்தது குளவி. மரத்தூளைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, காகிதக் கூடு கட்டும் குளவி இனங்கள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1719இல் இதைக் கவனித்து எழுதியபோது, மரத்திலிருந்தே காகிதம் செய்யலாமே என்றார். ஐரோப்பாவில் அப்போது கந்தல் துணிதான் காகிதமாகிக்கொண்டிருந்தது.

சரி, வெந்தயத்துக்கு வருவோம். ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பு காலக்டோமன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலியால் வருவது. இதிலும் நாரில் இருப்பதுபோன்ற கொக்கிகள் நிறைய. நாருக்கும் நாருக்கும் இடையே எட்டாத இடைவெளியில் இது பாலம் போடுகிறது. கொத்தவரை விதையின் பிசினும் இதே குடும்பம்தான். காகித ஆலைகளில் தாளுக்கு வலுவேற்ற அந்தப் பிசினைக் கூழில் கலப்பதுண்டு. ஆச்சி அடுக்களை டப்பாவிலிருந்து எடுத்ததும் ஆலைக்காரர் மூட்டையிலிருந்து எடுப்பதும் ஏறக்குறைய ஒரே சரக்கு. இதைப் படித்தறிந்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெந்தயத்துக்குப் பதிலாக மைதாப் பசையும் போடலாம். ஆனால் காய்ச்சித்தான் போடவேண்டும். ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி சூட்டில்தான் மாவுமணிகள் ஊதி வெடித்து உள்ளிருக்கும் ஸ்டார்ச்சை வெளியே விடும். பச்சைத் தண்ணீரில் கரைத்த மைதா, காய்ந்ததும் மாவாகவே உதிர்ந்துவிடும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம்.

எந்தப் பேப்பரை எடுப்பது என்பதிலும் இந்த நார்க்கணக்கு வேலை செய்கிறது. செய்தித்தாளும் முட்டை அட்டையும் சீக்கிரம் கரையும். பளபளப்பான வார இதழ்த் தாளில் வெள்ளைக் களிமண்ணோ சுண்ணத்தூளோ பூசியிருப்பார்கள். அந்தத் தூள் நார்களுக்கு நடுவே உட்கார்ந்து கைகோக்க விடாது. ஆனால் அதே தூளை அளவாகக் கலந்தால் வேறொரு நன்மை உண்டு. காயும்போது சுருக்கம் குறையும். பொம்மை செய்கிறவர்கள் கூழில் சுண்ணத்தூள் சேர்ப்பது மூக்கும் விரலும் சுருங்கிக் கோணாமல் அச்சில் வார்த்தபடியே நிற்கத்தான். புதுச்சேரிப் பகுதியின் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடைகளில் தரும் வழவழப்பான பில் தாளை மட்டும் சேர்க்காதீர்கள். எழுத்து தெரிவதற்காக அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது.

மிக்ஸியில் அரைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் தாராளமாக விட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். அதிக நேரம் ஓடினால் நார் துண்டுதுண்டாகிவிடும். ஆட்டுக்கல் நாரை நசுக்கி அதன் மேல்தோலைப் பிசிறுபிசிறாக்கும். பிசிறு கூடினால் பிடிக்கும் இடமும் கூடும். காகித ஆலையிலும் இதற்கென்றே தனி இயந்திரம் இருக்கிறது.

இந்தக் கூழால் நான் முதலில் செய்த கிண்ணம் நடுவில் பிளந்துபோனது. அவசரத்தில் விரல் தடிமனுக்கு அப்பிவிட்டேன். நார் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க, உள்ளே இருந்த ஈரக்கூழ் விட்டுக்கொடுக்கவில்லை. மெல்லிய படலமாகப் பூசி, அது முக்கால்வாசி காய்ந்ததும் அடுத்ததைப் பூசினால் இந்த வம்பு இல்லை. மழைக்காலத்தில் இறங்கவும் கூடாது. நாலு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆச்சி அந்தச் சொளகில்தான் அரிசி புடைத்தார். இன்று நான் அப்படிச் செய்யமாட்டேன். அச்சு மையின் காரணமாக, செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டவேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. சாவி, பொத்தான், பேனா போட்டுவைக்க இந்தக் கிண்ணங்கள் போதும்.

சில வருடம் கழித்துச் சொளகின் பூச்சு பெயர்ந்து விழும். ஆச்சி அந்தச் சில்லுகளையும் எறியமாட்டார், மறுபடி ஊறப்போடுவார். தண்ணீர் புகுந்ததும் கொக்கிகள் கழன்று பழையபடி கூழ்தான். ஆனால் ஒவ்வொரு முறை காயும்போதும் நார் கொஞ்சம் விறைத்துப்போகிறது. அடுத்த தடவை முன்போல ஊறாது, முன்போல ஒட்டவும் செய்யாது. ஆலைகளிலும் ஒரே நாரை ஐந்தாறு தடவைக்கு மேல் ஓட்டமுடிவதில்லை, நடுவே புது நார் கலக்கிறார்கள். ஆச்சியும் சில்லுகள் ஊறும் வாளியில் அன்றைய பேப்பரிலிருந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வெந்தய டப்பாவைத் தேடுவார்.