உதவித் தொழில்நுட்பம் வேண்டாம், துணைநுட்பம் போதும்

"உதவித் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் கருத்தரங்கு." இந்த மாதிரி பதாகைகளும் அழைப்பிதழ்களும் சென்னையில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஆதம்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "என்ன சார், தொழில் தொடங்கறவங்களுக்கு டெக்னிக்கல் உதவி தர்றாங்களா? மானியம் உண்டா?" என்று கேட்டார். சக்கர நாற்காலிக்குக் கால்மிதி பற்றவைத்துத் தருகிறவர் அவர். அந்தக் கருத்தரங்குக்கு முதல் ஆளாகப் போயிருக்க வேண்டியவருக்கே அது எதைப் பற்றியது என்று புரியவில்லை. குற்றம் அவருடையது அல்ல, சொல்லுடையது.

சொல்லப்பட்ட பொருள் 'அசிஸ்டிவ் டெக்னாலஜி'. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்ள வழி செய்யும் கருவிகளும் அவற்றைச் சார்ந்த சேவைகளும் இதில் அடங்கும். 'அசிஸ்ட்' என்பதன் வேர் லத்தீன்: அருகில் நிற்பது, உடன் நிற்பது. 1988இல் அமெரிக்கா இதற்கென ஒரு சட்டம் இயற்றியபோது அதன் பெயரில் 'தொழில்நுட்பம் சார்ந்த உதவி' என்ற பொருளில்தான் சொற்கள் இருந்தன. பத்தே ஆண்டுகளில், 1998இல் வந்த சட்டத்தின் பெயர் 'அசிஸ்டிவ் டெக்னாலஜி' என்று மாறிவிட்டது. கடையில் வாங்கியதோ, மாற்றியமைத்ததோ, அளவெடுத்துச் செய்ததோ, ஒருவருடைய செயல்திறனைக் கூட்டவும் காக்கவும் மேம்படுத்தவும் பயன்படும் எந்தப் பொருளும் இதில் சேரும் என்பது அங்குள்ள வரையறை. கொடுப்பவர் யார் என்ற பேச்சே அதில் இல்லை.

நம் மொழிபெயர்ப்பில் மட்டும் கொடுப்பவர் வந்து உட்கார்ந்துகொண்டார். 'உதவும்' என்ற வினையோடு எனக்குச் சண்டை இல்லை. 'உதவி' என்ற பெயர்ச்சொல் தமிழ்நாட்டில் இன்று எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். உதவித்தொகை, நிதியுதவி, நிவாரண உதவி, நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழா. மேடை, மாலை, வரிசையில் நிற்கும் பயனாளிகள், புகைப்படக்காரர் "இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்வது எல்லாம் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. வாங்குகிறவர் கை தாழ்ந்திருக்கும், கொடுக்கிறவர் கை ஓங்கியிருக்கும். மூக்குக்கண்ணாடியும் இந்த வகைக் கருவிதான். கண்ணாடிக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற யாராவது 'உதவி பெற்றேன்' என்று சொல்வாரா?

இன்னொரு கோளாறும் உண்டு. உதவிப் பேராசிரியர், உதவிப் பொறியாளர் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு 'உதவித் தொழில்நுட்பம்' என்பது ஒரு படி கீழான தொழில்நுட்பமாகத் தெரியும். அப்படியானால் தலைமைத் தொழில்நுட்பம் எங்கே, மருத்துவ விடுப்பில் இருக்கிறதா? பலர் வல்லினம் மிகாமல் 'உதவி தொழில்நுட்பம்' என்று வேறு எழுதுகிறார்கள். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.

சரி, 'துணை' என்றால் மட்டும் என்ன வாழ்ந்தது, துணை ஆட்சியர், துணைத் தலைவர் எல்லாம் இல்லையா என்று கேட்பார்கள். கேட்டும் விட்டார்கள். இருக்கிறது, ஆனால் அது அந்தச் சொல்லின் ஓரத்தில் ஒட்டிய பொருள். பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துகிறவர் துணைவேந்தர்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். துணையின் நடுப்பொருள் வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை. லாரியின் நெற்றியில் 'முருகன் துணை' என்று எழுதியவர் முருகனைத் தனக்குக் கீழே வைத்தா எழுதினார்? திருக்குறளின் 45ஆம் அதிகாரத்துக்குப் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றே பெயர். துணை மேலே இருக்கலாம், சமமாக இருக்கலாம், பக்கத்தில் இருக்கலாம். லத்தீன்காரர் சொன்ன 'உடன் நிற்றல்' அப்படியே 'துணை நிற்றல்'. நாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை.

அதே திருக்குறளின் 415ஆம் குறளில் ஊற்றுக்கோல் வருகிறது, நம் ஊன்றுகோல்தான். வழுக்குகிற இடத்தில் அது தாங்கும், ஆனால் நடக்கிறவர் நடந்தாக வேண்டும். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் அவர் ஊன்றி நடுங்கி நிற்கும், தலையில் பூண் போட்ட தடியை வைத்துத் 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று பெயர் நின்றுவிட்டது. விழுத்தண்டு என்றால் சிறந்த தடி. கைத்தடிக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அடைமொழி அது. நாமோ 'உதவி' என்கிறோம்.

அடுத்தது 'தொழில்நுட்பம்' என்ற பின்பாதி. இது வந்தாலே செயலி, சென்சார், செயற்கை நுண்ணறிவு என்றுதான் மனம் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் முதன்மையான 50 துணைப் பொருள்களைப் பட்டியலிட்டது. காது மெஷின், சக்கர நாற்காலி மட்டுமல்லாமல் மாத்திரைகளை வேளைவாரியாகப் போட்டு வைக்கும் டப்பா, கைப்பிடிக் கம்பி, கைத்தடி எல்லாம் அதில் உண்டு. இவற்றில் ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேர் என்று அந்நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் கணக்குச் சொல்லின. 2050இல் அது 350 கோடி ஆகுமாம். மாத்திரை டப்பாவைத் 'தொழில்நுட்பம்' என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். 'நுட்பம்' என்றால் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே துறைக்குத் துணைநுட்பம், பொருளுக்குத் துணைக்கருவி. அவ்வளவுதான் என் பரிந்துரை.

வேறு போட்டிகளும் உண்டு. 'அணுகல் தொழில்நுட்பம்' என்பது வேறு பொருள். மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே வரை போட்ட மரப்பாதை அணுகல் வசதி. அதன் மேல் போகிற சக்கர நாற்காலி துணைக்கருவி. (அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைப் பெயர்த்தது, அது வேறு கதை.) 'ஏதுவாக்கத் தொழில்நுட்பம்' என்றும் ஒருவர் சொன்னார். வாயில் நுழைந்தால் பார்க்கலாம். 'மாற்றுத்திறன் கருவி' என்பதும் ஒத்துவராது. 2010இல் அரசு ஊனமுற்றோர் என்பதை மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்று வைத்தது மனிதர்களுக்கான பெயர். முழங்கால் தேய்ந்து வாக்கர் பிடிக்கும் எழுபது வயதுக்காரர் தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெயர் சந்தையையும் தீர்மானிக்கிறது. 'உதவி' என்றால் வாங்குகிறவர் அரசு அல்லது கொடையாளர், பயன்படுத்துகிறவர் பெறுகிறவர் மட்டும். அப்புறம் கருவி டெண்டருக்கு ஏற்றபடி அமையும். எல்லாருக்கும் ஒரே அளவு, விலை குறைவு, எடை மட்டும் எக்கச்சக்கம். சென்னையில் இதை மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம், நாற்காலியில் இருப்பவர் தானே எழுந்து நிற்கக்கூடிய 'அரைஸ்' சக்கர நாற்காலியை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸுடன் சேர்ந்து 2019இல் கொண்டுவந்தது. அங்கிருந்து கிளைத்த நியோமோஷன், உடல் அளவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் நியோஃப்ளை நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டினால் சாலையில் வண்டியாக ஓடும் நியோபோல்ட்டையும் விற்பனைக்கு விட்டது. பேச இயலாத குழந்தைகள் படத்தைத் தொட்டால் அவர்களுக்காகப் பேசும் 'ஆவாஸ்' உருவானதும் இந்த ஊரில்தான். இவர்களுக்கு எதிரே நிற்பவர் வாடிக்கையாளர். விலை கேட்பார், குறை சொல்வார், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்பார். உதவி வாங்குகிறவரால் அப்படிச் சொல்ல முடியுமா? காமராஜர் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸுக்குப் போனால் துணைக்கருவிகளைத் தொட்டும் இயக்கியும் பார்க்கலாம். வேண்டியதைத் தேர்ந்தெடுக்க அதுதான் முறை.

அரசுத் தமிழை எப்போதும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 'இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்', 'காதுக்குப் பின் அணியும் காதொலிக் கருவி' என்று அரசாணைகளில் வருபவை கண்முன் பொருளைக் காட்டும் சொற்கள். எழுதியவர் அந்தப் பொருளைப் பார்த்திருக்கிறார். இப்போதைய கையேடுகளை எழுதுகிறவர்கள் ஆங்கில வாக்கியத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். 'முதியோர்' என்ற அழகான சொல்லை விட்டு 'வயதான மக்கள்தொகை' என்பார்கள். பயனாளி, பயனர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அரசுத் திட்டத்தில் பெறுபவர் பயனாளி, கருவியைக் கையாள்பவர் பயனர் என்ற வேறுபாடு ஊரறிந்தது. 'ஸ்டார்ட்-அப்' என்பதற்குப் புத்தொழில் என்ற நல்ல சொல் புழக்கத்துக்கு வந்தபின்னும் 'தொடக்கநிலை நிறுவனம்' என்று இழுக்கிறார்கள். துணைநுட்பப் புத்தொழில் என்று எழுதினால் பதாகையில் துணியும் மிச்சமாகும், ஆதம்பாக்கத்திலும் புரியும்.

போன மாதம் கைக்கு வந்த ஒரு கையேடு இதற்கெல்லாம் மேல். படுத்த படுக்கையாக இருக்கும் முதியோரைத் தூக்கி உட்கார வைக்கும் கட்டிலுக்கான கையேடு அது. 'எண்ட் யூசர்' என்பதை அச்சுப் பிசகாமல் பெயர்த்து, பக்கத்துக்குப் பக்கம் அவர்களை 'இறுதிப் பயனர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு எழுதிப்போட்டேன். அடுத்த பதிப்பில் 'கடைசிப் பயனர்' என்று திருத்தி அனுப்பினார்கள்.