"வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

காதல் தோல்வி என்று வருகிறவர்களைவிட, "தோத்துட்டேனா இல்லையான்னே தெரியல மேடம்" என்று வருகிறவர்கள்தான் என் ஆலோசனை அறையில் அதிகம் திணறுகிறார்கள். பெரும்பாலும் நெருங்கிய நண்பர்கள். ஒரே வகுப்பாக இருக்கும், இல்லை ஆபீஸில் ஒரே டீமாக இருக்கும். ஒருவருக்கு அந்த நட்பு எப்போதோ காதலாகிவிட்டது, மற்றவருக்கு ஆகவில்லை.

அப்படி வந்த ஓர் இளைஞர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) உட்கார்ந்ததுமே போனை நீட்டினார். தோழி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் சிலவற்றுக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார். "சாப்பிட்டியாடா?", "நீ வராம இன்னிக்கு செம போர்." ஒவ்வொன்றையும் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நட்சத்திரம் போடாதவற்றையும் படிக்கச் சொன்னேன். நாள் கணக்கில் பதில் வராத இடங்களும், தோழி வேறொருவரைப் பற்றி ஆர்வமாகப் பேசிய இடமும் அங்கேதான் இருந்தன.

அதைவிட என் கண்ணில் பட்டது அவர் எழுதியவை. எதிலும் ஒரு 'முடியாது' இல்லை. ரெக்கார்ட் நோட்டு எழுதித் தர வேண்டுமா, ஓகே. ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப் போக வேண்டுமா, ஓகே. அப்புறம் என்னிடம், "அவளுக்காக எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா?" என்றார். நட்புக்குள் ஒரு கணக்கு நோட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. அது ஓடுவதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அவர் காதலைச் சொல்லாமலும் இல்லை. ஒரு தடவை கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கடா."

நம் ஊரில் மறுப்பு பெரும்பாலும் இந்த உடையில்தான் வருகிறது. மனசு நோகக்கூடாது, நட்பு போய்விடக்கூடாது, எதிரே இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. அதனால் பழியை வீட்டின் மேல் போட்டுவிடுகிறோம். "இப்போ படிப்பு முடியட்டும்" என்பதும் இதே ரகம். ஆனால் கேட்டவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. அவளுக்குச் சம்மதம்தான், தடை அப்பாதான்; படிப்பு முடிந்தால் சரியாகிவிடும். இப்படியே வருஷங்கள் ஓடுகின்றன. சாதி பார்க்கும் வீடுகளில் அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம், குழப்பம் அதனால் இன்னும் கூடுகிறது. வீடு என்ன சொல்லும் என்பது ஒரு கேள்வி, எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

அரைகுறை பதில் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டது. எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகியதுதான் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் மௌனம், திடீரென்று ஒரு "மிஸ் யூ டா" என்பதும் அதே வேலையைச் செய்கிறது.

மறுப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1993-இல் உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் ஒருதலைக் காதல் அனுபவங்களை இரு பக்கமும் எழுதச் சொல்லிப் படித்தார்கள். மறுத்தவர்களிடம் குற்ற உணர்ச்சி அதிகம் இருந்தது, இந்த நிலையில் எப்படி நடந்துகொள்வது என்றே தெரியாத தடுமாற்றமும் இருந்தது. என்னிடம் வரும் பெண்கள் சொல்வதும் இதேதான். பொதுவான நண்பர்கள் வேறு, "இவ்வளவு நல்ல பையன், உனக்கு என்னடி குறை?" என்று வக்காலத்து வாங்குகிறார்கள். நல்லவனாக இருப்பதற்காக ஒருவனைக் காதலித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தோழியின் காதலை மறுக்கத் தெரியாமல் திணறும் ஆண்களும் வருகிறார்கள், அவர்களை வீட்டிலேயே கேலி செய்வார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கேட்பதாக இருந்தால் தனியாக, ஒரே தடவை, தெளிவாகக் கேளுங்கள். கேன்டீனில் பத்துப் பேர் கைதட்ட முழங்காலிடுவது கேட்பது ஆகாது, அது நெருக்கடி. மறுப்பதாக இருந்தால், "உன்னை எனக்கு நண்பனாகப் பிடிக்கும், காதல் வரவில்லை, பின்னாலும் இதைக் கேட்காதே" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வலிக்கும். மறுநாளே பழையபடி "சாப்பிட்டியா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டேட்டஸை மியூட் செய்யுங்கள், ராத்திரி அரட்டையை நிறுத்துங்கள், ஏன் விலகுகிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பின்னாலேயே சுற்றினால் ஒருநாள் ஒத்துக்கொள்வாள் என்று சினிமா வெகுகாலமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "நீ இல்லேன்னா செத்துடுவேன்" என்று செய்தி வந்தால் அதைக் காதலின் ஆழம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா மிரட்டல் என்றும் ஒதுக்க வேண்டாம். அவர் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு உடனே சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

"மறுபடி ஃபிரெண்ட்ஸா இருக்க முடியுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிலரால் முடிகிறது, கொஞ்ச காலம் உண்மையாகவே விலகி இருந்தால். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவளுக்கு வேறொருவரைப் பிடித்திருக்கிறது என்று உங்களிடம் சொன்னால், அடுத்து என்ன கேட்பீர்கள்? அந்த இளைஞர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்க வேலை பார்க்கிறான்னு கேட்பேன்... கேட்டுட்டு அவன் இன்ஸ்டாவைத் தேடுவேன் மேடம்" என்றார். சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.