எஸ்எம்பி 1-ஐ யாருக்காக இன்னும் ஓடவிட்டிருக்கிறோம்?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய சிறு அலுவலகங்களிலிருந்து எனக்கு அடிக்கடி ஒரு அழைப்பு வரும். "சார், காப்பியர் மெஷின்ல ஸ்கேன் பண்ணினா ஃபோல்டருக்கு ஃபைல் வர மாட்டேங்குது. பழைய சிஸ்டத்துல வந்துட்டிருந்துச்சு." இணையத்தில் தேடினால் இதற்கு இரண்டே நிமிடத்தில் தீர்வு கிடைத்துவிடும். கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் வசதிகளின் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1.0 என்று இருக்கும் கட்டத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் ஸ்கேன் வந்துவிடும். சர்வீஸுக்கு வருபவர்கள் பலரும் இதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். எதைத் திறந்துவிட்டுப் போனார்கள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரிவதில்லை. அந்த ஒரு டிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகள் திறக்க வழி செய்யும் நெறிமுறைக்குப் பெயர் எஸ்எம்பி. நீங்கள் தினமும் திறக்கும் இசட் டிரைவ், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், ஸ்கேன் வந்து விழும் இடம் எல்லாம் இதன் வழியாகத்தான் ஓடுகின்றன. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் கையில் வளர்ந்தது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், விண்டோஸ் 8, சர்வர் 2012-ஓடு மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டன. முதல் பதிப்பை மட்டுமே பேசத் தெரிந்தவை எக்ஸ்பி, சர்வர் 2003, பழைய காப்பியர்கள், பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள் போன்றவைதான். விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய கணினிகள் மட்டுமே இருக்கும் அலுவலகத்தில் அவை ஒன்றோடொன்று பேச எஸ்எம்பி 1 தேவையே இல்லை.

முதல் பதிப்பைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்டே 2014-ல் அறிவித்துவிட்டது. 2016 செப்டம்பரில், அந்த நிறுவனத்தில் இதே துறையைக் கவனித்துவந்த நெட் பைல், எஸ்எம்பி 1-ஐப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கெஞ்சி எழுதினார். 2017 அக்டோபருக்குப் பிறகு புதிதாக நிறுவப்படும் விண்டோஸில் எஸ்எம்பி 1 வழியாக ஃபோல்டரைப் பகிரும் வசதி தானாக வருவதில்லை. ஆக, புதுக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் நின்றுபோனது பழுது அல்ல. அதை உருவாக்கியவர்கள் யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் டிக் போடும் முன் யாரும் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

எஸ்எம்பி 1-க்குள் ஓஎஸ்/2 என்ற ஐபிஎம் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஒரு துண்டு நிரல் இருந்தது. ஓஎஸ்/2 பாணியில் வரும் கோப்புப் பண்புகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றுவது அதன் வேலை. மாற்றும்போது எவ்வளவு நினைவகம் தேவை என்று கணக்கிடுவதில் அதற்கு ஒரு பிழை. அளவு தப்பினால் தரவு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழியும். வழிகிற தரவைத் திட்டமிட்டு அனுப்பத் தெரிந்தவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமல், விண்டோஸின் அடித்தளத்திலேயே தன் நிரலை ஓட்டிவிடலாம். ஓஎஸ்/2-க்கு ஐபிஎம்மே 2006-ல் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதற்கான நிரல் உலகத்தின் கோடிக்கணக்கான கணினிகளில் உட்கார்ந்தே இருந்தது. யாராவது ஒருவருக்குத் தேவைப்படலாம் என்று வைத்திருந்த பழசு அது.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, எடர்னல்புளூ என்ற பெயரில் ஆயுதமாக்கி வைத்திருந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அதாவது பேட்சை, வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கூட்டம் அந்த ஆயுதத்தை இணையத்தில் கொட்டியது. மே 12, வெள்ளிக்கிழமை, வானாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், கிளம்பியது.

ரான்சம்வேர் அதற்கு முன்பும் இருந்தது. மெயிலில் வரும் இணைப்பை யாராவது திறக்க வேண்டும், அப்போதுதான் மாட்டுவார்கள். வானாக்ரைக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு கணினிக்குள் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் எஸ்எம்பியின் வாசலான 445 என்ற போர்ட் திறந்திருக்கும் கணினிகளைத் தேடும். இணையத்திலும் கண்டபடி முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். ஓட்டை உள்ள எஸ்எம்பி 1 பதில் சொன்னால் உள்ளே போய்விடும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது, மூன்று நாள் தாண்டினால் 600. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் மாட்டின.

பலமாக அடிபட்டவற்றில் ஒன்று பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பான என்ஹெச்எஸ். இங்கிலாந்தில் 80 மருத்துவமனை அறக்கட்டளைகளும் 595 பொது மருத்துவர் மையங்களும் பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீடு அரசுத் தணிக்கை அறிக்கையில் வந்தது. ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தச் செலவு 9.2 கோடி பவுண்ட் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பேட்ச் போடச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிருந்தது என்பதுதான் இதில் வலிக்கிற விஷயம்.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் ஆய்வாளர், அந்த நிரல் ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்க்கிறது என்பதைக் கவனித்து, யாரும் வாங்காத அந்த முகவரியைப் பதிவு செய்தார். முகவரி பதில் சொன்னதும் வானாக்ரை தன்னை நிறுத்திக்கொண்டது. அப்படி ஒரு நிறுத்தும் வழி எல்லா ரான்சம்வேரிலும் இருக்காது.

எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பேட்ச் வந்துவிட்டது. எக்ஸ்பி கணினிகள் பல நேரம் நீலத்திரை காட்டி நின்றுபோயின. ஆகவே "எங்ககிட்ட எக்ஸ்பி இல்லையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்து வரும் கேள்வி: "அதான் பேட்ச் போட்டாச்சே, அப்புறம் எஸ்எம்பி 1 இருந்தால் என்ன?" பேட்ச் அடைத்தது தெரிந்த ஓட்டைகளை. நெறிமுறையின் அமைப்பே பலவீனமாக இருப்பதைப் பேட்சால் சரிசெய்ய முடியாது. மூன்றாம் பதிப்பில் இருப்பது போன்ற குறியாக்கம் முதல் பதிப்பில் கிடையாது. நடுவில் ஒருவர் புகுந்து பேச்சைத் திரித்தால் கண்டுபிடிக்கும் பாதுகாப்பும் அதில் மிகப் பலவீனம். இரண்டு கணினிகளும் மூன்றாம் பதிப்பு தெரிந்தவையாக இருந்தாலும், எஸ்எம்பி 1 திறந்திருந்தால் அவற்றை ஏமாற்றி முதல் பதிப்புக்கே இறக்க முடியும். ஒரு ஸ்கேனருக்காகப் போட்ட டிக், அந்தக் கணினிக்கு வரும் எல்லா உரையாடலையும் பலவீனமாக்குகிறது.

இந்த ஆபத்து பேட்ச் போட முடியாத இயந்திரங்கள் இருக்கும் இடங்களில் இன்னும் கூடுதல். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலையில் ஒரு புதிய கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வானாக்ரையின் ஒரு வகை உள்ளே பரவி உற்பத்தியே நின்றது. முதல் தாக்குதல் முடிந்து ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு, உலகின் மிக முன்னேறிய சிப் நிறுவனத்தில். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அனலைசர், சிஎன்சி மெஷின், எடைப்பாலத்துக் கணினி, இவற்றையெல்லாம் "கைவைத்தால் வாரண்டி போய்விடும்" என்று அப்படியே விட்டுவிடுகிறோம். கைவைக்க முடியாது என்றால் அவற்றைத் தனியாக வைக்க வேண்டும். தனி விலேன் (ஒரே நெட்வொர்க்கை அமைப்பிலேயே தனித்தனியாகப் பிரிப்பது) அல்லது தனி சுவிட்ச், அதிலிருந்து மற்ற கணினிகளுக்குத் தேவையான ஒரே ஒரு பாதை, இணையம் வேண்டாம். பெரிய செலவில்லை.

சரி, உங்கள் அலுவலகத்தில் யார் எஸ்எம்பி 1 பேசுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் சர்வரில் எஸ்எம்பி 1 அணுகலைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, மாதக் கடைசிக் கணக்கு வேலையும் அதற்குள் வருவது போலச் சில வாரங்கள் விடுங்கள். பிறகு ஈவன்ட் வியூவரில் எஸ்எம்பி சர்வர் ஆடிட் பகுதியில் 3000 என்ற எண்ணுள்ள நிகழ்வுகளைப் பாருங்கள். பழைய நெறிமுறையில் வந்த ஒவ்வொரு கருவியின் முகவரியும் அதில் இருக்கும். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஒரு காப்பியர், ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டி, மூலையில் ஓடும் ஓர் எக்ஸ்பி, அவ்வளவுதான் பட்டியல். காப்பியருக்குப் புது ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினாலே எஸ்எம்பி 2 பேசத் தொடங்கும் மாடல்கள் உண்டு. இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றலாம். ஸ்டோரேஜ் பெட்டிகளின் அமைப்பில் குறைந்தபட்ச எஸ்எம்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும், இரண்டுக்குக் கீழே விடாதீர்கள். லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வைத் தரும் சாம்பா வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 2019-ல் வந்த 4.11 முதல் எஸ்எம்பி 1 இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது.

மூடிய மறுநாள் ஒரு புகார் நிச்சயம் வரும்: "நெட்வொர்க்கைத் திறந்தால் எந்த சிஸ்டமும் தெரியவில்லை." பதற வேண்டாம். கணினிகளின் பெயர்களைப் பட்டியலிட்டுக் காட்டிய பழைய சேவை எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது. அது போனதால் பட்டியல் காலியாகிறது, பகிர்வு அப்படியேதான் இருக்கிறது. கணினியின் பெயரை நேரடியாக அடித்தாலோ டிரைவாக மேப் செய்தாலோ திறக்கும். இந்தப் புகாருக்குப் பயந்து திரும்பவும் டிக் போட்டுவிடும் அலுவலகங்கள் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

எஸ்எம்பி 1-ஐ மூடியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் 2017 ஜூன் 27-ஐப் பார்க்க வேண்டும். உக்ரைனில் வரி கணக்குக்குப் பயன்படும் மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்த நாட்பெட்யா என்ற நாசகார நிரல், எடர்னல்புளூவையும் பயன்படுத்தியது. கூடவே, விழுந்த கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைத் திருடி, பேட்ச் போட்ட கணினிகளுக்குள்ளும் முறையாக நுழைந்தது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை முடங்கியது.

நம் அலுவலகங்களில் எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் வைப்பது வழக்கமாகிவிட்டது. சர்வீஸ் செய்பவருக்கு வசதி. ஒரு கணினி போனால் எல்லாம் போகும் என்பதுதான் அதன் விலை. பகிர்ந்த ஃபோல்டரில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று கொடுத்திருப்பதும் அதே போலத்தான். வரவேற்பில் இருப்பவர் ஒரு தவறான மெயிலைத் திறந்தால், அவர் கணினியில் ஓடும் ரான்சம்வேர் அவருக்கு எழுதும் உரிமையுள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் பூட்டும். புதிய எஸ்எம்பி 3-ம் அதைத் தடுக்காது, ஏனென்றால் அது அவருடைய உரிமையோடு வருகிறது. யாருக்கு எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும் என்று ஒரு மதியம் உட்கார்ந்து பிரித்தால் இழப்பு பெருமளவு குறையும்.

நான் செல்லும் இடங்களில் முதலில் செய்வது ஒன்று உண்டு. ஃபோல்டரைப் பகிர்ந்து தரும் கணினியைத் தவிர, மற்ற எதிலும் 445 போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பை விண்டோஸ் ஃபயர்வாலில் அடைத்துவிடுவேன். பக்கத்து மேசைக் கணினிக்கு உங்கள் கணினியின் கோப்புகள் தேவைப்படாது. பரவும் வகை ரான்சம்வேருக்கோ அந்தப் பாதைதான் உயிர். யாராவது தன் கணினியிலிருந்து பிரிண்டரைப் பகிர்ந்திருந்தால் அது மட்டும் நிற்கும், அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பேக்கப் அதே கணினியின் டி டிரைவிலோ, எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்கிலோ இருந்தால் அது ரான்சம்வேருக்கும் தெரியும் இடம். இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்று எப்போதும் கழற்றப்பட்டு வேறு இடத்தில் இருக்கட்டும். ஸ்டோரேஜ் பெட்டி இருக்கிறது என்று நம்புபவர்கள் 2021 ஏப்ரலை நினைவில் வையுங்கள். கியூலாக்கர் என்ற தாக்குதல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் பெட்டிகளின் கோப்புகளைக் கடவுச்சொல்லோடு 7ஜிப்பில் போட்டுப் பூட்டியது. பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது திறந்து பாருங்கள்.

மாட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். வானாக்ரை விஷயத்தில், ரீஸ்டார்ட் ஆகாத சில கணினிகளின் நினைவகத்திலிருந்து கோப்புகளைத் திறக்கும் சாவியை மீட்க முடிந்தது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்யவும் வேண்டாம். நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் கூட்டாளிகளும் பல வகைகளுக்குத் திறக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள், இன்று இல்லாத கருவி பின்னால் வரலாம். பணம் கொடுப்பதற்கு முன், வானாக்ரையில் யார் கட்டினார்கள் என்று பிரித்தறியும் ஒழுங்கான ஏற்பாடே அந்தக் கூட்டத்திடம் இல்லை என்பதை யோசியுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கலாம். நிறுவனமாக இருந்தால், கவனித்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு, திரையில் என்ன வந்தது என்று அதற்குள் ஒரு தாளில் எழுதி, திரையை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.