மலையில் நிற்கும் கேரவன் ஒழுகுகிறதா? சிலிக்கான் டியூப் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜூன் பிறந்து கூடலூர் பக்கம் மழை இறங்கியதும் எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, கேரவன் மேலே ஒழுகுது, வந்து கொஞ்சம் சிலிக்கான் அடிச்சுக் குடுங்க." குன்னூரில் வண்டி பாடி வேலை பார்ப்பவன் நான். எஸ்டேட் பங்களா ஓரத்திலும் விடுதித் தோட்டத்திலும் நிறுத்தியிருக்கும் கேரவன்கள், ஜீப்பில் மாட்டி இழுத்து வரும் கேம்பிங் டிரெய்லர்கள், இவற்றோடுதான் இப்போதெல்லாம் என் மழைக்காலம் போகிறது. ஜாயிண்டில் சிலிக்கான் பசை அடித்து அடைத்துக் கொடுப்பது அரை மணி நேர வேலை, காசும் உடனே வரும். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், கேட்பவர்களுக்குக் கோபம்கூட வருகிறது. ஏன் மாட்டேன் என்கிறேன் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் நீலகிரி மலையைப் பற்றிக் கொஞ்சம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்ததும் அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். கொடைக்கானல்காரர்களுக்கும் அந்த மாதங்கள்தான் கனமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், வெறும் ஒரு செ.மீ. மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலமுள்ள கேரவன் டாப்பில் அது 100 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு டம்ளர் ஜாயிண்ட் வழியாக உள்ளே போனால் போதும், உள்ளே இருக்கும் பிளைவுட் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

மழை மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி கொட்டும்போது டாப் ஷீட் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிப் போகும், அதே ஷீட் நண்பகல் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும். நாலு மீட்டர் நீள அலுமினிய ஷீட், 40 டிகிரி வித்தியாசத்தில் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு அடியில் இருக்கும் இரும்பு ஃபிரேம் இரண்டு மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டும் இப்படித் தினமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கும் ரிவெட்டும் ஸ்க்ரூவும், இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்ட்டும்தான் அடி வாங்கும். இதோடு மலைப்பாதையும் சேர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினாலும் சரி, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பக்கம் போனாலும் சரி, ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பெட்டி லேசாக முறுக்கிக் கொடுக்கும், அந்த முறுக்கு போய்ச் சேருவது மூலை ஜாயிண்டுகளில். சமவெளியில் பல வருடம் ஒழுகாமல் நின்ற வண்டி, மலைக்கு வந்த முதல் மழையிலேயே ஒழுகுவதற்கு இதுதான் காரணம்.

ஷீட்டின் நடுவில் ஓட்டை விழுந்து ஒழுகிய வண்டியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தண்ணீர் நுழைவது எல்லாம் மனிதன் வெட்டியோ துளைத்தோ வைத்த இடங்களில்தான்: டாப்பும் பக்கச் சுவரும் சேரும் மூலைப் பட்டை, காற்றோட்ட மூடி, ஏசிக்காக வெட்டிய சதுரம், சோலார் பேனல் காலின் ஸ்க்ரூ, வெயில் மறைப்பு மாட்டும் ரயில், ஜன்னல் ரப்பர், அப்புறம் யாரும் சந்தேகப்படாத அந்தச் சின்ன மேல் விளக்குகள். நுழைந்த தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. ஃபிரேம் குழாய் மேல் ஏறி, வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கமாக ஓடி, எங்கே ஒரு இடைவெளி கிடைக்கிறதோ அங்கே வந்து சொட்டும். கோத்தகிரியில் ஒரு டிரெய்லரில் பின்பக்க மெத்தை நனைந்துகொண்டே இருந்தது. பின் மூலை முழுக்க மூன்று நிறத்தில் சீலன்ட் அப்பியிருந்தார்கள். தண்ணீர் வந்தது முன்பக்க விளக்கு ஸ்க்ரூ வழியாக. தேயிலைத் தோட்டச் சரிவில் பின்பக்கம் தாழ்வாக நிறுத்தியிருந்ததால் மொத்த நீளத்தையும் கடந்து வந்திருந்தது. உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே பூசுவதால் பெரும்பாலும் பலன் இருக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒழுகலே இல்லாமலும் கூரை சொட்டும், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஊட்டிக் குளிரில் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு நாலு பேர் படுத்தால், விடியும்போது அவர்கள் விட்ட மூச்சே குளிர்ந்த ஷீட்டில் பட்டுத் தண்ணீராக நிற்கும். உள்ளேயே சமைத்தால் இன்னும் மோசம், ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எப்படிப் பிரித்தறிவது? மழையே இல்லாத தெளிந்த பனி இரவுக்குப் பிறகு கூரை முழுக்கப் பரவலாக, குறிப்பாக ஸ்க்ரூ தலைகளிலும் ஃபிரேம் போகும் வரிசையிலும் முத்து முத்தாக நின்றால் அது மூச்சுக்காற்றின் ஈரம். மழை பெய்து சில மணி நேரம் கழித்து ஒரே இடத்தில் மஞ்சள் விளிம்போடு கறை வளர்ந்தால் அது ஒழுகல். முதலாவதற்கு மருந்து, மேல் மூடியை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துப் படுப்பதுதான். அதற்குச் சீலன்ட் அடித்து இருக்கிற காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டால் நிலைமை மோசமாகும்.

நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க அவசரம் கூடாது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே சாதாரணத் தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் ஜன்னலின் அடி, பிறகு பக்கங்கள், பிறகு மேல் பட்டை, கடைசியாக டாப். எடுத்த எடுப்பில் டாப்பில் ஊற்றினால் எல்லா ஜாயிண்டும் ஒன்றாக நனைந்து ஒன்றுமே புரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடமாவது பொறுங்கள், உள்ளே ஓடி வரத் தண்ணீருக்கு நேரம் வேண்டுமே. வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயைத் தயவுசெய்து ஜாயிண்டில் காட்டாதீர்கள், ஒழுகாத இடத்தையும் அது ஒழுக வைத்துவிடும். நான் பெரும்பாலும் செய்வது வேறு முறை: கதவு, மூடி எல்லாம் அடைத்து, சின்ன புளோயரால் உள்ளே காற்றை ஊதி, வெளியே ஜாயிண்ட் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினால், விட்டுப்போன இடத்தில் நுரை குமிழிடும். பிளைவுட்டுக்கு ஈரமானி இருக்கிறது, ஹார்ட்வேர் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, 30-ஐத் தாண்டினால் அந்தப் பலகை பெரும்பாலும் மக்க ஆரம்பித்திருக்கும்.

சரி, சிலிக்கானுக்கு வருவோம். கடையில் கேட்டதும் கையில் கொடுக்கும் சாதாரண டியூப், காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். ஜி.ஐ. தகரத்தின் துத்தநாகப் பூச்சையும் வெறும் அலுமினியத்தையும் அது மெல்ல அரிக்கும். அதன் மேல் பெயின்ட் நிற்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, அதைச் சுரண்டி எடுத்த பிறகும் ஒரு எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், பின்னால் எந்த நல்ல சீலன்ட் போட்டாலும் அந்த இடத்தில் பிடிக்காமல் உரிந்து வரும். என் வேலை நேரத்தில் பாதி, பிறர் அடித்த சிலிக்கானை எடுப்பதிலேயே போகிறது. உள்ளே சிங்க் ஓரத்துக்கும் கண்ணாடிக்கும் சிலிக்கான் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை, டாப் ஜாயிண்டுக்கு வேண்டாம். பிசைந்து ஒட்டும் எபாக்ஸியும் வேண்டாம், கல்லாக இறுகிவிட்டு வண்டி முறுக்கும்போது விரிந்துவிடும்.

டாப்பில் எதையாவது ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினால் அடியில் பியூட்டைல் டேப் என்னும் ரப்பர் பசை நாடாவைப் போடுங்கள். அது எத்தனை வருடம் ஆனாலும் இறுகாமல் பசையாகவே இருக்கும், ஷீட் நகர்ந்தாலும் கூடவே இழுபடும். அதன் விளிம்புக்கு மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் அல்லது எம்.எஸ். பாலிமர் என்னும் இன்னொரு வகை நெகிழும் சீலன்ட். பி.யூ. நன்றாகப் பிடிக்கும், பெயின்ட்டும் ஏற்கும், ஆனால் மலை வெயிலின் புற ஊதாக் கதிருக்கு வெடிக்கும், அதனால் மேலே பெயின்ட் அவசியம். தானே பரவி மட்டமாகும் வகையும் உண்டு. அதைத் தட்டையான டாப்பில் மட்டும் போட வேண்டும், சுவரில் போட்டால் வழிந்து இறங்கிவிடும். வெளிநாட்டு வண்டிகளில் சிலவற்றுக்கு டாப்பே ரப்பர் விரிப்பாக இருக்கும். அதைப் பெட்ரோல், தின்னர் எதனாலும் துடைக்கக் கூடாது, ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

வேலை செய்யும் விதம் இப்படி. ஒழுகும் விளக்கையோ மூடியையோ பட்டையையோ முழுசாகக் கழற்ற வேண்டும், சுற்றிலும் பூசுவது வேலையே இல்லை. பழைய சீலன்ட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் கடைசித் துணுக்கு வரை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்து, பிறகுதான் டேப். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்பதுபோல, ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை அடுத்ததன் மேல் தள்ளிவிட வேண்டும், அப்போது சீலன்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் தண்ணீர் உள்ளே வராது.

இதையெல்லாம் ஜூலையில் செய்யச் சொன்னால் நான் மறுப்பேன். சுவருக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே அடைத்தால், அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை, பலகை உள்ளேயே மக்கும். ஒழுகல் நின்றுவிட்டது என்று நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், அடுத்த வருடம் சுவரில் கை வைத்தால் விரல் உள்ளே போகும். மழை மாதத்தில் இங்கே எதுவும் தானாகக் காயாது. அவசரமென்றால் உள் பேனலைக் கழற்றி வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுங்கள், கொடைக்கானல்காரர்கள் வத்தலகுண்டுக்கு. அங்கே வெயிலில் திறந்து போட்டால் மலையில் ஒரு மாதத்தில் காயாதது சீக்கிரம் காய்ந்துவிடும். அவசரமில்லை என்றால் பிப்ரவரி, மார்ச் வரை தள்ளிவைத்து, அதுவரை மேலே தற்காலிகக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதங்களிலும் காலை நீர்ப்பனி காய்ந்து பதினொரு மணிக்குப் பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் பூசி முடிப்பது நல்லது. பி.யூ. சீலன்ட் சமவெளிச் சூட்டிலேயே ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். நம் குளிரில் இன்னும் மெதுவாக. மேலே தோல் கட்டிவிட்டது என்று மறுநாளே வளைவுகளில் இழுத்துப் போனால் எல்லாம் வீண்.

மக்கிய பலகையை மூடி மறைக்காதீர்கள், வெட்டி எடுங்கள். புதிதாகப் போடுவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும், ஈரத்தை ஓரளவே தாங்கும் ஐ.எஸ். 303 எம்.ஆர். வகை வீட்டு அலமாரிக்குத்தான் சரி. ஈரம் வயர் போகும் வழியில் இருந்தால் மெயின் கனெக்ஷனைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத கேரவனில் படுக்கவே வேண்டாம் என்பேன், கசிந்தால் இரும்புப் பெட்டி முழுக்க கரன்ட் பாயும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் நுழையும் ஜாயிண்டில் புகையும் நுழையும். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதனால் டாப்பை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்து, தரை ஜாயிண்டையும் குழாய், வயர் ஏறும் ஓட்டைகளையும் அடையுங்கள். ஈரத்தைக் காயவைக்க உள்ளே கரி அடுப்பு வைக்கும் பழக்கம் இங்கே சிலரிடம் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். வேண்டவே வேண்டாம். ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டிவிடுங்கள்.

நிறுத்தும் இடம் பற்றி இரண்டு வார்த்தை. கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சவுக்கு, சில்வர் ஓக் இவற்றின் அடியில் நிறுத்தினால் இலை விழுந்து ஓரக் கால்வாய் அடைத்து, தண்ணீர் ஜாயிண்டுக்கு மேலேயே தேங்கும். மாதம் ஒருமுறை கூட்டிவிட வேண்டும். குரங்கு ஏறிக் குதித்து மூடி ரப்பரைப் பிய்த்த வண்டிகளும் வருகின்றன. தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றில் உரசி பெயின்ட்டைத் தின்றுவிடும், உள்ளே ஈரத்தையும் பிடித்து வைக்கும். டாப்பில் ஏறினால் ஃபிரேம் மேல் பலகை போட்டு அதன் மேல் முழங்காலிட்டுப் போங்கள். ஈரமான டாப்பில் ஏறவே கூடாது.

பழைய கேரவன் வாங்குகிறவர்களுக்கு: உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள், பூஞ்சை வாடையை ஏர் ஃபிரெஷ்னரால் முழுக்க மறைக்க முடியாது. மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழேயும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புது ஸ்டிக்கரோ புது பெயின்ட்டோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஈரமானி வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.