கருடப்பாலையில் ரப்பர் இருந்தும் ஏன் கைகொடுக்கவில்லை?

காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் ஓடையோரத்திலும் குளத்துக் கரையிலும் வேலிமேல் ஏறிப் படர்ந்திருக்கும் கொடி கருடப்பாலை. வெளிர் ஊதாப் பூ, பளபளக்கும் தடித்த இலை, கொம்புபோல் விரிந்த இரட்டைக் காய். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. கிள்ளினால் பால் வரும். கண்ணாடித் துண்டில் சில சொட்டு விட்டுக் காயவைத்து இழுத்தால் நீளும்; விட்டால் சுருங்கும். அது உண்மையான ரப்பர். (பால் தோலை எரிக்கும், கண்ணில் படக் கூடாது. இலையை ஆடு மாடு தின்றால் இதயம் பாதித்துச் சாகும்.) எருக்கும் திருகுகள்ளியும்கூடப் பால் விடுகின்றன. ஆனால் அவற்றில் பிசினே மிகுதி.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா உட்பட, உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விளைந்த நிலம் ஜப்பான் கைக்குப் போனது. அப்போது இந்தக் கொடிமேல் அமெரிக்காவின் பார்வை விழுந்தது. வறட்சி தாங்கும், வேகமாக வளரும், ரப்பர் மரத்துக்குப்போல ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியில் ஒரு லட்சம் ஏக்கரில் நடத் திட்டமிட்டார்கள். சிறு விவசாயிகளின் வீடுகளையும் பழமரங்களையும் அகற்றி நிலத்தை எடுத்தார்கள். 1944இல் திட்டத்தைக் கைவிட்டபோது கிடைத்திருந்த ரப்பர் சில டன்கள் மட்டுமே.

காரணம் பால்குழாயின் அமைப்பில் இருக்கிறது. கருடப்பாலையில் ஒவ்வொரு பால்குழாயும் ஒரே ஒரு செல். செடி வளர வளர அதுவும் நீளும், கிளைக்கும். ஆனால் பக்கத்துக் குழாயோடு சேராது. நுனியை வெட்டினால் அந்தத் தண்டிலுள்ள சில சொட்டுகள்தான் வரும். அதனால் நேராக நீளும் தளிர்க்கொம்புகளைக் கத்தையாகக் கட்டி, நுனியை வெட்டி, கீழே பாத்திரம் வைத்து, மறுபடி மறுபடி நறுக்க வேண்டும். ஒரு கிலோ சேர்க்க எத்தனை கொம்பு, எத்தனை கை வேண்டும் என்று யோசியுங்கள். எத்தனை ஏக்கர் நட்டாலும் இந்தக் கூலிக்கணக்கு மாறாது. அதே போர்க்காலத்தில், ஆப்பிரிக்காவின் பெல்ஜியக் காங்கோவிலும் வேறு காட்டு ரப்பர்க் கொடிகளைத் தேடியலையும் வேலை கட்டாய உழைப்பாக விவசாயிகள் தலையில் விழுந்தது. 1942இல் கட்டாய உழைப்பின் உச்சவரம்பை ஆண்டுக்கு 60 நாளிலிருந்து 120 நாளாக உயர்த்தினார்கள். சொந்த வயலில் விதைக்க வேண்டிய நாட்கள் அவை.

ரப்பர் மரத்தில் அமைப்பே வேறு. பட்டைக்குள் செல்கள் வரிசையாகச் சேர்ந்து, இடைச்சுவர் கரைந்து, அக்கம்பக்கக் குழாய்களோடும் வலையாகப் பின்னியிருக்கின்றன. ஓரிடத்தில் கீறினால் சுற்றுப்பட்டையின் பாலும் அங்கே வந்து சேரும். குழாய்கள் சற்றே சாய்ந்திருப்பதால், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக 25 முதல் 30 டிகிரிச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். தண்டின் பாதிச் சுற்றில், ஒருநாள் விட்டு ஒருநாள். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு: வெயில் ஏறினால் இலை நீரை இழக்கும், குழாயின் அழுத்தம் தளரும், பால் குறையும். சில மணி நேரத்தில், பாலிலுள்ள லூட்டாய்டு என்னும் நுண்பைகள் வெட்டுவாயில் உடைந்து ரப்பர்த் துகள்களை உறைய வைத்து அடைத்துவிடும். அப்படிக் காய்ந்ததுதான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு முன் அதை உரித்தெடுப்பார்கள்.

இந்த மரத்தைக் கெடுப்பதும் எளிது. இலை தரும் சர்க்கரையிலிருந்துதான் ரப்பர் உருவாகிறது. இழந்த பாலை ஈடுகட்ட மரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும். மலாயா போனபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மை மூலம் இலங்கை. சேலம், திருச்சி மாவட்டக் குடும்பங்கள் கூலிக்குப் போன தோட்டங்களிலும் அருகிலிருந்த சிறு உடைமைகளிலும் பிரிட்டிஷ் அரசு கடும்வெட்டை ஊக்குவித்தது: தினமும் வெட்டு, ஒரே மரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டு, கிளைவரை மேலேறி வெட்டு. முதலில் விளைச்சல் கூடும். பிறகு வெட்டுவாய் காய்ந்து பாலே வராது. அவசரத்தில் கத்தி பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வராது. முண்டும் முடிச்சுமாக வீங்கும், அதில் மறுபடி வெட்ட முடியாது. நல்ல பட்டையேகூட மீண்டும் தடிக்க ஆறேழு ஆண்டு எடுக்கும்.

பெருந்தோட்டக்காரர் ஒரு பகுதியை ஓயவிட்டு மறுபகுதியில் வெட்டலாம். இரண்டு ஏக்கர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. புகைக்கூடமும் பலருக்கு இல்லை. பாலை நீரூற்றி ரப்பர் அளவு எட்டில் ஒரு பங்காகும்படி நீர்த்து, ஃபார்மிக் அமிலத்தில் உறையவைத்து, 3 மில்லிமீட்டர் தகடாக உருட்டி, நான்கைந்து நாள் புகையில் உலர்த்தினால்தான் நல்ல விலை. நான்கு லிட்டர் நீர்த்த பாலுக்கு அரைக் கிலோ தகடு. ஈரம் நின்றால் பூஞ்சை, பால் புளித்தால் குமிழி. இரண்டிலும் தரம் இறங்கும்.

போர் முடிந்தபோது மிஞ்சியவை வெட்ட இடமில்லாத மரங்கள். பிடுங்கிவிட்டு நட்டால் ஆறேழு ஆண்டு வருமானம் இல்லை. இலங்கையில் மறுநடவுக்கான அரசு மானியத் திட்டம் 1953இல்தான் தொடங்கியது.