தீர்ப்பு வந்தாச்சு, மூளைக்கு இன்னும் வரவில்லை

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகிச் சில வாரம் இருக்கும். சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நிற்கும்போது வாய் தன்னால் சொல்கிறது: "அண்ணா, ரெண்டு செட். ஒண்ணுல காரம் கம்மி." காரம் கம்மியாகக் கேட்கிறவர் இப்போது கூட இல்லை. பீட்ரூட் துருவல் வைத்த இரண்டாவது தட்டு கைக்கு வரும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

கூடவே வாழ்ந்தவர் எப்போது வருவார், எதைச் சாப்பிடுவார் என்று மூளை முன்கூட்டியே கணித்துப் பழகியிருக்கிறது. தீர்ப்பு நகல் அந்தக் கணிப்பை அழிக்காது. அவர் இல்லாத சாயங்காலங்கள் பல கடந்த பிறகுதான் அது மெல்லத் திருந்தும். 2010-ல் மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷர் குழுவினர், காதல் முறிந்த 15 பேருக்கு விட்டுப்போனவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் அதில் சுறுசுறுப்பாயின. நடு ராத்திரியில் பழைய வாட்ஸ்அப் செய்திகளை விரல் தேடிப்போவதும் இந்த ஏக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

சாவு வீடென்றால் ஊரே வந்து உட்காரும், காரியம் நடக்கும். விவாகரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. "விட்டது சனின்னு நினைச்சுக்கோ" என்று பெரியம்மா முடித்துவிடுவார். ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே எழுதினார். மனநல மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் 1967-ல் போட்ட மன அழுத்தப் பட்டியலில் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி, அடுத்த இடத்தில் விவாகரத்து, 73. சின்ன இழப்பா இது?

ஞாயிற்றுக்கிழமை தோழியோடு ஏற்காடு போய், படகில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "எப்படிச் சிரித்தேன்" என்று அழுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். துக்கம் என்பது இழப்புக்கும் புது வாழ்க்கைக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருவதுதான் என்று உளவியலாளர்கள் ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் 1999-ல் விளக்கினார்கள். சிரிப்பும் அந்தப் போக்குவரத்தில் சேர்த்தி.

மனசில் இருப்பதை எல்லாம் எழுதித் தீர்த்துவிடு என்பார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவராது. உளவியலாளர் டேவிட் ஸ்பாரா குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் மண வாழ்வில் பிரிந்த 90 பேர் கலந்துகொண்டார்கள். 'ஏன் இப்படி ஆச்சு' என்று ஓயாமல் காரணம் தேடியவர்களில், மனக்குமுறலை எழுதியவர்களைவிட அன்றாட வேலைகளைச் சாதாரணமாக எழுதியவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். காலையில் எழுந்தது, பஸ் ஏறியது, என்ன சமைத்தது, அவ்வளவுதான்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.