துரு மடிப்பில்தான் தொடங்குகிறது: கடலோரத்தில் கூரை போடுவோர் கவனத்துக்கு

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கம் வீட்டுக் கூரையானாலும் கருவாட்டுக் கொட்டகையானாலும் துரு முதலில் பிடிப்பது தகட்டின் நடுவில் அல்ல. கூரை உச்சியை மூடும் ரிட்ஜ் தகட்டின் மடிப்பிலும், வெட்டிய ஓரத்திலும், ஸ்க்ரூவைச் சுற்றியும்தான். "நல்ல கம்பெனி ஷீட்தானே போட்டோம்" என்று வீட்டுக்காரர் நொந்துகொள்வார். ஷீட் நல்லதாகவே இருக்கலாம். தகடு வளைக்கும் பெண்டிங் பட்டறையில் அதன் பூச்சு உடைந்துவிட்டால் என்ன பயன்?

முதலில் பூச்சு. ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், 120, 275 என்று வரும் எண், ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்பதைச் சொல்கிறது. 120 என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 8 மைக்ரான் தடிமன், 275 என்றால் 19 (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை சி5 என்று வகைப்படுத்தும் கடும் உப்புக் காற்றில் முதல் ஆண்டிலேயே 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை துத்தநாகம் அரிக்கப்படும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அலைச்சாரல் எட்டும் இடத்தில் வெறும் ஜி.ஐ. வேண்டவே வேண்டாம். 55 சதவீதம் அலுமினியம் கலந்த அலுமினிய-துத்தநாகப் பூச்சு 150 கிராம், அதன்மேல் பெயிண்ட்: இதற்குக் கீழே இறங்காதீர்கள். 70 கிராம் பூச்சுள்ள கலர் ஷீட்டும் கடையில் கிடைக்கிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பில்லில் 'ஏஇசட் 150' என்று எழுதி வாங்குங்கள்.

இந்த அலுமினிய-துத்தநாகப் பூச்சில் ஒரு சிக்கல் உண்டு. துத்தநாகம் போல அது இழுபடாது. கூர்மையாக மடித்தால் வெடிக்கும். 0.5 மி.மீ. தகட்டை உள்வளைவு ஆரம் 0.25 மி.மீ. வரும்படி மடித்தால் வெளிப்பரப்பு ஏறத்தாழ 50 சதவீதம் இழுபடுகிறது. ஆரத்தை 1 மி.மீ. ஆக்கினால் அது 20 சதவீதமாகக் குறைகிறது. தகடு வளைக்கும் இயந்திரமான பிரஸ் பிரேக்கில் இந்த ஆரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வி-டையின், அதாவது தகட்டை அழுத்தி வளைக்கும் வி வடிவப் பள்ளமுள்ள அச்சின், வாய் அகலம். ஆரம் தோராயமாக அந்த அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே 0.5 மி.மீ. தகட்டுக்கு 6 முதல் 8 மி.மீ. வாய் வையுங்கள். ஓரம் குட்டையாக வரவேண்டும், மூலை நறுக்கென்று இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் பட்டறையில் 4 மி.மீ. டையை எடுக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த அழகான மூலைதான் முதலில் சிவக்கும்.

கூரை ஷீட்டில் மிஞ்சிய துண்டை ரிட்ஜுக்கும், இணைப்பில் நீர் புகாமல் மூடும் பிளாஷிங்குக்கும் வளைப்பது இன்னொரு தவறு. கூரைக்கு வருவது பெரும்பாலும் 550 மெகாபாஸ்கல் வலிமையுள்ள விறைப்புத் தகடு. வளைத்ததும் பழைய நிலைக்கே எகிறப் பார்க்கும். கோணம் சரியில்லை என்று அதே மடிப்பைத் திரும்ப நிமிர்த்தி வளைத்தால் பூச்சு நிச்சயம் விரிசல் விடும். பிளாஷிங்குக்கு மென்மையான தகட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மழைநீர் ஓடும் கட்டரின் ஓரத்தையும் தட்டையாக நசுக்கி மடக்க வேண்டாம். உள்ளே மெல்லிய கம்பி நுழையும் அளவு உருண்டை விட்டால் வெடிப்பும் குறையும், உப்புநீர் இடுக்கில் தங்குவதும் குறையும்.

பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு வளைத்த டையில் அப்படியே கலர் ஷீட்டை வைக்காதீர்கள். டையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் பூச்சுக்குள் பதிந்து, சில நாளிலேயே பழுப்புப் புள்ளியாகத் தெரியும். துணியால் துடைத்து, டையின் மேல் பாலியூரித்தேன் படலம் விரித்து வளைப்பதே முறை. கிரைண்டரால் வெட்டுவதும் இதே கதைதான். தீப்பொறி பெயிண்டைச் சுடுகிறது, பறக்கும் தூள் துருப்பிடிக்கிறது. கத்தரியோ, தகட்டைக் கொத்திக் கொத்தி வெட்டும் நிப்ளரோ போதும்.

மொத்த வேலையைத் தொடங்கும் முன் ஒரு துண்டை வளைக்கச் சொல்லி, மடிப்பின் வெளிப்புறத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். முடி போன்ற கோடுகள் தெரிந்தால் டையை மாற்றச் சொல்லுங்கள்.

கூரை ஏறிய பிறகு, மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கத்தில்தான் உப்பு படிந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். மழைநீர்த் தொட்டியில் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.